நீ, நீங்கள் ஆகும் இடம்

ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒலி நாடகம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டில் குழம்பு கொதிப்பதும், பக்கத்து வீட்டுக்காரர் இருமுவதும், நள்ளிரவில் கணவன் மனைவி குசுகுசுவென்று பேசுவதும் நம் வீட்டுக்குள்தான் நடக்கும். முகம் தெரியாது. குரல் மட்டும் வரும். கூலாய் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாமாவும் அந்தப் பக்கம் ஒரு மாமாவும் இருந்தார்கள். ஒன்றாகப் பால்மரம் வெட்டப் போனவர்கள், ஒன்றாகக் குடித்தவர்கள், ஒரே மோட்டார் சைக்கிளில் கோயில் திருவிழாவுக்குப் போனவர்கள். எங்கள் வீட்டின் இரண்டு சுவர்களையும் தாண்டி "டேய்" என்று ஒருவர் கூப்பிட, அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். நாங்கள் நடுவில் சோறு தின்றுகொண்டிருப்போம்.

ஒரு நாள் காலையில் பொதுக் குழாயடியில் ஒருவர் மற்றவரிடம், "வாளிய கொஞ்சம் நகர்த்திக்கிறீங்களா?" என்று கேட்டார். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. என் அம்மா மட்டும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்த 'ங்க'வைக் கேட்டவுடனே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏதோ கூட்டுப் பண விவகாரம் என்று பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மரியாதைக் குறைவாகப் பேசியதே இல்லை. அந்த மரியாதை அவர்கள் சாகும்வரை நீடித்தது.

இந்த இதழின் தலையங்கத்துக்கு அறிவியல் புனைவு ஒலி நாடகத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது விண்கலம் எதுவும் இல்லை, அந்தக் குழாயடிதான்.

நண்பர்கள் அப்படிச் சொன்னதற்கும் காரணம் உண்டு. எங்கள் குழுவில் பாதிப்பேர் நாள்தோறும் காலை நாலரைக்கு எழுந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். கடற்பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீளந்தான், 1924இல் திறந்தது. அதைக் கடக்கச் சில நாள் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. மோட்டார் சைக்கிள் வரிசையில் தலைக்கவசத்துக்குள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு நிற்கும் மனிதனைவிட நல்ல நாடக ரசிகன் யாருக்குக் கிடைப்பான்? கண்ணுக்கு வேலை இல்லை. எதிரே புகையும் சிவப்பு விளக்கும் மட்டும். இந்தப் பக்கம் மின்னல், ராகா, அந்தப் பக்கத்திலிருந்து ஒலி 96.8 என்று தமிழுக்கு வானொலிப் பஞ்சம் இல்லாத ஊர் நம் ஜொகூர் பாரு. ஆனால் பாட்டும் வாழ்த்தும் பரிசுப் போட்டியும் போக, இளைய நண்பர்கள் காதில் ஓடுவது ஆங்கில ஒலித்தொடர்கள். அதிலும் அறிவியல் புனைவு. ஒரு வருடமாக அவர்கள் சொல்லச் சொல்ல நானும் கேட்டேன்.

ஒலி வழி அறிவியல் புனைவு என்றாலே எல்லாரும் 1938 அக்டோபர் 30இல் ஆர்சன் வெல்ஸ் ஒலிபரப்பிய 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' நாடகத்தைச் சொல்வார்கள். செவ்வாய்க்காரன் வந்துவிட்டான் என்று அமெரிக்காவில் சிலர் நிசமாகவே பயந்தார்கள். நல்ல கதை. ஆனால் அதில் நட்பு என்று எதுவும் கிடையாது. செய்தி வாசிப்பும் ஓட்டமும் மூச்சிரைப்பும்தான். பிரிட்டனில் 1953இல் சார்ல்ஸ் சில்ட்டன் எழுதித் தொடங்கிய 'ஜர்னி இன்டு ஸ்பேஸ்' இன்னொரு மைல்கல். தொலைக்காட்சியை மாலை நேரத்தில் தோற்கடித்த கடைசி வானொலித் தொடர் என்று அதற்குப் பெயர். அதில் நான்கு பேர் ஒரு கலத்தில் போகிறார்கள். போனவர்கள் போனபடியே வருகிறார்கள்.

நான் தங்கி நின்றது வேறோர் இடத்தில்.

'டாக்டர் ஹூ'வைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இங்கேயும் உண்டு. காலத்திலும் வெளியிலும் சுற்றும் ஒருவர். சாகும் தறுவாயில் உடலும் முகமும் மாறிவிடும். நடிகர் மாறினாலும் ஆள் அவரேதான். 1963இல் தொடங்கியது. 1984இல் ஆறாவது டாக்டராகக் காலின் பேக்கர் வந்தார். முதல் கதையிலேயே, உருமாறிய குழப்பத்தில், கூட வந்த பெண் பெரியின் கழுத்தை நெரிக்கப் பார்க்கிறார். பிறகும் இருவருக்கும் ஓயாத வாய்ச்சண்டை. கத்தல், குத்தல், கிண்டல். பார்ப்பவர்களுக்குச் சலித்துவிட்டது. 1985இல் தொடரைப் பல மாதம் நிறுத்திவைத்தார்கள்; 1986இல் பேக்கரை நீக்கினார்கள். எரிச்சலூட்டும் டாக்டர் என்ற பெயரோடு அவர் வீட்டுக்குப் போனார்.

பிக் ஃபினிஷ் என்ற நிறுவனம் 1999 முதல் பழைய டாக்டர்களை அழைத்துவந்து ஒலி நாடகங்களாக வெளியிடத் தொடங்கியது. காலின் பேக்கருக்கு அவர்கள் புதிய தோழியாகக் கொடுத்தது இளம்பெண் யாரையும் இல்லை. ஐம்பதைத் தாண்டிய வரலாற்று விரிவுரையாளர் ஈவ்லின் ஸ்மைத். குரல், மேகி ஸ்டேபிள்ஸ். 2000இல் வந்த 'த மேரியன் கான்ஸ்பிரசி'யில் அறிமுகமாகிறார். சாக்லேட் கேக் பிடித்த, மாணவர்களை அதட்டிப் பழகிய குரல். டாக்டர் கத்தினால் இவர் கத்துவதில்லை. பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார். நம் ஊரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியைகள் சிலரிடம் இதே பொறுமையைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பொறுமைக்கு முன்னால் கத்துகிறவன் தானாகவே அசடு வழிவான். டாக்டருக்கும் அதுதான் நடக்கிறது. தொலைக்காட்சியில் இரண்டு வருடம் கோமாளி மேலங்கிக்குள் மாட்டிக்கொண்டிருந்த நடிகருக்கு, உடை தெரியாத ஊடகத்தில்தான் குணம் வாய்த்தது.

அதன் பிறகு வருவதுதான் நான் சொல்ல வந்த விரிசல். 2001இல் வந்த 'ப்ராஜெக்ட்: ட்வைலைட்' கதையில் கேசி என்ற இளம் தாயை ரத்தக்காட்டேரியாக்கிவிடுகிறார்கள். டாக்டர், மருந்து கண்டுபிடித்துக்கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்து அவளை நார்வேயில் விட்டுப் போகிறார். 2003இல் வந்த 'ப்ராஜெக்ட்: லாசரஸ்' கதையில் மருந்தோடு திரும்புகிறார். அதற்குள் அவள் எதிரியின் கைக்குப் போயிருக்கிறாள். கண் முன்னே சாகிறாள். டாக்டர் வழக்கம்போல அடுத்த வேலையைப் பார்க்கக் கிளம்புகிறார். ஈவ்லினால் முடியவில்லை. இவருக்கு இது எத்தனையாவது சாவு, எத்தனையாவது வாக்கு என்ற கேள்வி அவருடைய குரலுக்குள் புகுந்துவிடுகிறது. சத்தம் போட்டு அழுதது கொஞ்ச நேரந்தான். அடுத்த கதையான 'அரேஞ்ச்மென்ட்ஸ் ஃபார் வார்' தொடங்கும்போது இருவரும் ஒழுங்காகப் பேசிக்கொள்கிறார்கள். அந்த ஒழுங்கைக் கேட்கும்போதுதான் எனக்குக் குழாயடி வந்தது.

பெரியோடு போட்டது சண்டை. ஈவ்லினோடு வந்தது விரிசல். சண்டை எங்கிருந்தும் தொடங்கலாம், அடுத்த காட்சியில் முடிந்துவிடலாம். எழுதுகிறவனுக்கு அது பக்கம் நிரப்பும் வித்தை. விரிசலுக்கு முன்கதை வேண்டும். கேட்பவர் அந்த இரண்டு பேரும் சிரித்த நாட்களை உடனிருந்து கேட்டிருக்க வேண்டும். அப்புறந்தான் ஒரு 'நன்றி'கூடக் கனமாகக் கேட்கும். 'அரேஞ்ச்மென்ட்ஸ் ஃபார் வார்' கதைக்குள்ளேயே ஈவ்லின் வேறொரு கிரகத்தில் தன் துணையைக் கண்டுகொள்கிறார். பிறகு டாக்டரை விட்டு அங்கேயே தங்கிவிடுகிறார். டாக்டருக்கு அந்தப் பிரிவைப் பக்குவமாக ஏற்கத் தெரியவில்லை. 2005இல் வந்த 'திக்கர் தேன் வாட்டர்' கதையில் புதிய தோழி மெல்லுடன் ஈவ்லினைப் பார்க்க வருகிறார். பழைய நண்பர் வீட்டுக்குக் கையில் பழத்தோடு போய், என்ன பேசுவது என்று தெரியாமல் வாசலில் நிற்பவரின் கூச்சம் முழுவதும் அதில் இருக்கிறது.

கேசிக்கு ஒரு மகன் இருந்தான். 2004 முதல் ஏழாவது டாக்டரோடு ஹெக்ஸ் என்ற தாதி இளைஞன் பயணம் செய்கிறான். ஃபிலிப் ஒலிவியரின் குரல். அந்த ஹெக்ஸ்தான் கேசியின் மகன் என்பது 2005இல் கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. டாக்டருக்கும் தெரியும். ஹெக்ஸுக்குத் தெரியாது. 2010இல் வந்த 'ப்ராஜெக்ட்: டெஸ்டினி'யில்தான் அவனுக்குத் தெரியவருகிறது. ஐந்து வருடம்! அந்த ஐந்து வருடமும் அவன் டாக்டரை நம்பிச் சிரித்துப் பேசிய ஒவ்வொரு வரியும் கேட்கிறவர் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கிறது. உண்மை தெரிந்ததும் ஹெக்ஸ் கேட்கும் கேள்வி, அம்மா ஏன் செத்தாள் என்பதோடு நிற்கவில்லை. இத்தனை நாள் என்னோடு எப்படிச் சாதாரணமாகப் பேச முடிந்தது என்பதுதான் அதன் அடியில் கிடக்கும் கேள்வி. அதே ஆண்டு வந்த 'எ டெத் இன் த ஃபேமிலி'யில் அவன் வந்து தங்குவது வயதான ஈவ்லினிடம். கேசிக்காக அன்று உடைந்த ஈவ்லின். அந்தக் கதையிலேயே ஈவ்லின் இறந்துபோகிறார். மேகி ஸ்டேபிள்ஸ் 2014இல் மறைந்தார்.

இதில் விண்வெளி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். இருக்கிறது: எதிரிகள், ஆய்வுக்கூடங்கள், கிரகப் போர்கள். ஒன்றுகூட எனக்கு இப்போது சரியாக நினைவில் இல்லை. அமெரிக்க ஒலித்தொடர் 'வுல்ஃப் 359'ஐக் கேட்டபோதும் இப்படித்தான் ஆயிற்று. கேப்ரியல் ஊர்பினா உருவாக்கியது; 2014இல் தொடங்கி 2017 கிறிஸ்துமஸ் அன்று முடிந்தது. பூமியிலிருந்து எட்டு ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஒரு சிவப்புக் குறுமீனைச் சுற்றும் பழைய நிலையம். தகவல் தொடர்பு அதிகாரி ஐஃபல் ஒரு சோம்பேறி, வாயாடி. தளபதி மின்காவ்ஸ்கிக்குச் சட்டதிட்டம்தான் உயிர். நிலையத்தை இயக்கும் செயற்கை அறிவு ஹீரா. பேசும்போது அவள் குரல் அங்கங்கே திக்கும். முதல் சில பகுதிகள் வெறும் நகைச்சுவை, பற்பசைக்கு அடித்துக்கொள்கிறார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது, நிறுத்தப் பார்த்தேன். முதல் பருவத்தின் முடிவில் ஒருவன் துரோகம் செய்து ஹீராவின் மூளையை அறுக்கிறான். அதுவரை வாய்க்கு வந்ததைப் பேசிய ஐஃபல் அங்கிருந்துதான் பேசக் கற்றுக்கொள்கிறான். கடைசியில் அவன் தன் நினைவுகள் முழுவதையும் இழக்கிறான். கேட்ட நமக்கு எல்லாம் நினைவிருக்கிறது; அவனுக்கு இல்லை. ஹீரா அவனோடு முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

ஏன் இது ஒலியில் இவ்வளவு பலிக்கிறது? நாவலில் ஒருவன் மனம் மாறுவதை எழுத்தாளர் உள்ளே போய்ச் சொல்லிவிடலாம். திரைப்படத்தில் ஒரு முகத்தை நெருக்கத்தில் காட்டினால் போதும். ஒலியில் பேசாதவர் அறையிலேயே இல்லை. கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் நண்பனைக் காட்ட வழியில்லை; அவனைப் பேசவைத்தே தீரவேண்டும். மனத்தாங்கலோடு பேசுகிறவன் என்ன பேசுவான்? வேலையைப் பற்றிப் பேசுவான். "அந்தக் கதவை மூடிட்டீங்களா?" என்பான். அறிவியல் புனைவு இதற்கு மேல் ஒரு பூட்டுப் போடுகிறது: வெளியே போக இடமில்லை. கலத்துக்கு வெளியே காற்றில்லை. லயத்தில் எங்கள் இரண்டு மாமாக்களுக்கும் போக இடமில்லாமல் இருந்தது போலவே. ஒரே குழாய், ஒரே வரிசை, விடிந்தால் வேலைக்குப் பெயர் கூப்பிடும் ஒரே பெரட்டுக் களம்.

இன்னொன்றும் உண்டு. பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு சொல் போய்ச்சேர, கிட்டே இருக்கும்போது 3 நிமிடம், எட்டே போகும்போது 22 நிமிடம். ஒருவன் கோபத்தில் ஒன்றைச் சொல்லி அனுப்புகிறான். அடுத்த நிமிடமே வருந்தி மன்னிப்பு அனுப்புகிறான். முதல் சொல்லுக்கு வந்த பதிலும் இந்த மன்னிப்பும் நடுவழியில் ஒன்றை ஒன்று கடந்துபோகின்றன. இதைவிட நல்ல நாடகத் தருணத்தை எந்த எழுத்தாளன் கற்பனை செய்துவிட முடியும்? நமக்கு இது புதிதும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர்கள் ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். தங்கை கல்யாணத்துக்குப் பணம் ஏன் அனுப்பவில்லை என்ற கேள்வியும், அனுப்பிய பணமும் கடலில் கடந்துபோயிருக்கின்றன. எத்தனை குடும்பம் அந்த இடைவெளியில் பேச்சை நிறுத்தியது! இன்றைக்குக் கடலே வேண்டாம், பாலமே போதும். ஒருவன் அக்கரையில் நிரந்தரவாசியாகிவிட்டான். மற்றவன் மாசாயில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தால் விலையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நம் வானொலி நாடகங்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மலாயா வானொலிக் காலத்திலிருந்து எவ்வளவு நல்ல குரல்கள்! ரெ. கார்த்திகேசு போன்ற எழுத்தாளர்கள் ஒலிபரப்பில் வேலை பார்த்து வந்தவர்கள்தாம். இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' ஓடியபோது அங்கே தெருவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது என்பார்கள். ஆனால் இங்கே நான் கேட்டு வளர்ந்த நாடகங்களில் மனிதர்கள் வளர்ந்து நான் கேட்டதில்லை. குடிகாரக் கணவன், பொறுமையே உருவான மனைவி, ஊர்சுற்றும் மகன், கடைசிக் காட்சியில் வந்து திருத்தும் தமிழாசிரியர். இருபத்தெட்டாவது நிமிடத்தில் அழுகை, முப்பதாவது நிமிடத்தில் மங்கள இசை. நண்பர்களுக்குள் சண்டை வந்தால் ஒருவருக்கு விபத்து நடக்கும். மற்றவர் ரத்தம் கொடுப்பார். குழாயடி மாமாக்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ரத்தம் கொடுக்கவில்லை. ஒருவர் சாவுக்கு மற்றவர் வந்தார். ஓரமாக நின்றார். போய்விட்டார்.

அறிவியல் புனைவு நமக்கு அந்நியம் என்ற பேச்சும் எடுபடாது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' விகடனில் வந்தபோது இங்கேயும் இதழுக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி, விளையாட்டுப் பொருளாக வந்து, புத்தகம் படித்து, கேள்வி கேட்டு, நிலாவுக்குத் துணையாகும். ஜீனோவை நாம் நேசித்தது அதன் பேச்சுக்காக. அந்தப் பேச்சு ஏன் தமிழில் ஒலி நாடக மரபாக வளரவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. ஏனென்றால் இந்த வேலைக்குத் தமிழைவிடப் பொருத்தமான மொழி குறைவு.

ஆங்கிலத்தில் நண்பனுக்கும் மேலதிகாரிக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான். ஈவ்லினும் டாக்டரும் விலகுவதைக் காட்ட நடிகர்கள் மூச்சையும் தொனியையும் வைத்துப் பாடுபடவேண்டியிருக்கிறது. நமக்கு 'சாப்பிட்டியா' என்பது 'சாப்பிட்டீங்களா' என்று மாறினால் போதும், பத்து வருட நட்பு முடிந்தது. திரும்ப 'டா' வரும் காட்சிக்கு இசையே தேவையில்லை. இயந்திரம் என்றால் இன்னும் விசேடம். தொல்காப்பியர் காலத்திலிருந்து உயர்திணை, அஃறிணை என்று பிரித்துவைத்திருக்கிறோம். கலத்தை ஓட்டும் அறிவை முதல் பகுதியில் எல்லாரும் 'அது' என்பார்கள். எட்டாவது பகுதியில் ஒருவன் தன்னை அறியாமல் 'அவ சொன்னா' என்பான். மற்றவன் 'அது சொன்னுச்சு' என்று திருத்துவான். அந்தத் திருத்தலில் இருவருக்கும் நடுவே விழும் பிளவை எழுதிக்காட்டத் தமிழ் எழுத்தாளனுக்குச் சிறப்பு ஒலி எதுவும் வேண்டாம். மலேசியத் தமிழில் 'லா'வும் உண்டு. ஒருவன் பேச்சிலிருந்து 'லா' காணாமல் போவதை நம் காது உடனே பிடிக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த இதழை ஒலி நாடகச் சிறப்பிதழாகக் கொண்டுவர நினைக்கிறோம். இருபது நிமிடம் ஓடும் எழுத்துப்படி. இரண்டு குரல், மிஞ்சினால் மூன்று, மூன்றாவது இயந்திரமாக இருக்கட்டும். இடம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்: செவ்வாயோ, குளுவாங் செம்பனைக் காட்டில் தனியாக நிற்கும் வானிலைக் கூடமோ, 2090இல் கடற்பாலத்தில் இன்னும் நகராத வரிசையோ. பேசும் இருவரும் ஒரு காலத்தில் நண்பர்களாக இருந்திருக்கவேண்டும். அதைக் கேட்பவர் நம்பவேண்டும். முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் நடுவே அவர்கள் ஒருவரை ஒருவர் விளிக்கும் சொல் மாறியிருக்கவேண்டும். குண்டு வெடிப்பு, கலம் சீறும் ஓசை இவற்றையெல்லாம் அடைப்புக்குறிக்குள் எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். அவற்றை நாங்கள் தகர டப்பாவை வைத்தே செய்துகொள்வோம். சமாதானமாகித்தான் முடியவேண்டும் என்று கட்டாயமில்லை. யாரும் ரத்தம் கொடுக்கவேண்டாம்.

தேர்வாகும் நாடகங்களை ஸ்கூடாயில் ஒரு நண்பர் வீட்டு அறையில், மெத்தையைச் சன்னலுக்குச் சாய்த்துவைத்துப் பதிவு செய்யப்போகிறோம். சன்மானம் கிடையாது, சாப்பாடு உண்டு. எழுத்துப்படிகள் தைப்பூசத்துக்குள் எங்கள் கைக்கு வந்துசேர வேண்டும்.